கணபதி லேத் பட்டறையும் நாமக்கல் கண்ணாடியும்: வீட்டில் கட்டிய காருக்கு ஒரு விண்ட்ஷீல்டு

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு ட்ரில்லிங் மெஷின், மூன்று ஆட்கள், வாசலில் போர்டு கிடையாது. என் வண்டிக்கு விண்ட்ஷீல்டு ஃபிரேம், அதைத் தாங்கும் பிராக்கெட், வைப்பர் ஆடுகிற அச்சான பிவட், அதை மோட்டாரோடு இணைக்கிற லிங்க் எல்லாம் அங்கேதான் செய்தேன். பெயரைப் போட வேண்டாம், இருக்கிற வேலையையே முடிக்க முடியவில்லை என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார், அதனால் பெயர் இல்லாமலேயே எழுதுகிறேன். ஆனால் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. வீட்டில் வண்டி கட்டுகிறவர்கள் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் செலவழிக்கிற யோசனையில் பத்தில் ஒரு பங்கைக்கூட முன் கண்ணாடிக்குச் செலவழிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், அதற்கான விலையையும் கொடுத்தேன்.

வண்டியைப் பற்றி முதலில். 1957இல் பிரிட்டிஷ் நிறுவனமான லோட்டஸ் கொண்டுவந்த செவன் என்கிற சின்னத் திறந்த காரின் அமைப்பில் கட்டியது. அந்த மாடலின் உரிமை 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போய் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, உலகம் முழுக்க வீட்டு ஷெட்டில் வண்டி கட்டுகிறவர்களுக்கு அதுதான் ஆதி மாதிரி. எஞ்சினும் கியர்பாக்ஸும் மாருதி ஜிப்ஸியிலிருந்து எடுத்தது, 1,298 சி.சி. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டுவதால் இந்த வேலைக்கு நம்மூரில் அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். வீட்டில் கட்டிய வண்டியைப் பதிவு செய்து ரோட்டில் ஓட்ட நம் சட்டத்தில் எளிய வழி இல்லை. அது தெரிந்தேதான் ஆரம்பித்தேன். சூலூர் பக்கம் எங்கள் தோட்டத்துக்குள்ளும், என்றைக்காவது செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கிலும் ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை. ஃபார்முலா மாருதி ரேஸ் வண்டிகளை உருவாக்கிய கரிவரதன் பெயரில் 2003இல் திறந்த ட்ராக் அது, கோயம்புத்தூர்க்காரனுக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ரோட்டில் ஓடாத வண்டிக்கு வைப்பர் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற சாரலில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். செவனில் ஓட்டுகிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார், முன் கண்ணாடி ஒரு அடிக்குச் சற்றே அதிக உயரம்தான், அதில் தண்ணீர் நின்றால் அதற்கு மேலாக எட்டிப் பார்க்கவும் முடியாது, அதன் வழியாகப் பார்க்கவும் முடியாது.

கணபதிக்கு வருவதற்கு முன்னால் இரண்டு இடத்தில் ஏமாந்தேன். முதலாவது ஒரு கார் அலங்காரக் கடை, அங்கே 4 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை வெட்டிக் கொடுத்து, இது போதும், உடையாது, எடையும் குறைவு என்றார்கள். எடை குறைவுதான். ஆனால் அக்ரிலிக் மிருதுவானது, தோட்டத்து மண் பாதைத் தூசி அதன் மேல் படிந்து வைப்பர் ரப்பர் அதை இழுத்துக்கொண்டு போனால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். இரண்டே வாரத்தில் அரை வட்டமாகக் கீறல் விழுந்து, சாயங்கால வெயில் எதிரே வந்தால் ஒன்றுமே தெரியவில்லை. பாலிகார்பனேட் அக்ரிலிக்கைவிட அடி தாங்கும், ஆனால் மேலே கடினப் பூச்சு இல்லாவிட்டால் கீறல் விஷயத்தில் அதுவும் இதே கதிதான். வைப்பர் வைக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணாடியைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

இரண்டாவது, வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிற ஒரு கடை. லேமினேட் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன், கொடுத்ததும் லேமினேட்தான். 3 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் 0.38 மி.மீ. பிளாஸ்டிக் படலம், மொத்தம் 6.38. ஆனால் அது கட்டடத்துக்கானது. கார் விண்ட்ஷீல்டில் நடுப் படலம் பொதுவாக 0.76 மி.மீ. இருக்கும், கல் வந்து அடித்தாலும் தலை மோதினாலும் கிழிந்து போகாமல் தாங்குவது அந்தப் படலம்தான். இது எனக்கு அப்போது தெரியாது. அதைவிட மோசம், ஓரத்தைத் தேய்க்காமல் வெட்டிய கையோடு கொடுத்துவிட்டார்கள், மூலைகளும் கூர்மையாகவே இருந்தன. ஒன்பதாவது நாள் ஷெட்டில் வண்டி சும்மா நிற்கும்போதே வலது கீழ் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி மேலே போய்விட்டது. கண்ணாடி எப்போதும் ஓரத்தில் இருக்கிற சின்னச் சில்லிலிருந்துதான் உடைய ஆரம்பிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். திரும்பிப் போய்க் கேட்டதற்கு நீங்கள் மாட்டிய விதம் சரியில்லை என்றார்கள். மாட்டிய விதமும் சரியில்லைதான், அதைப் பின்னால் சொல்கிறேன், ஆனால் ஓரம் தேய்க்காதது அவர்கள் தப்பு.

அப்புறம்தான் ஒரு நண்பர் கணபதி பட்டறைக்கு வழி சொன்னார். வரைபடங்களை எடுத்துக்கொண்டு போனேன், எல்லா அளவும் போட்டு நன்றாகவே வரைந்திருந்தேன். அந்த அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார். “வண்டிய கொண்டாங்க தம்பி, பாத்துட்டுப் பேசலாம்.” வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாதே என்றேன். “குட்டி யானைல ஏத்திக் கொண்டாங்க.” அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே ஏற்றிக்கொண்டு போனேன், வாடகை 1,200 ரூபாய். அவருக்கு அன்று லீவு, எனக்காக வந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கோணம் பார்க்கிற பெவலை, கண்ணாடி நிற்கிற ஸ்கட்டில் தகட்டின் மேல் வைத்துச் சாய்வு பார்த்து, என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து என் கண் மட்டத்தில் ஒரு டேப்பை ஒட்டிக் குறித்துக்கொண்டார். கண்ணாடியின் மேல் ஃபிரேம் சரியாகக் கண்ணுக்கு நேராக வந்தால் ஓட்டவே முடியாது, ஒன்று அதற்குக் கீழே இருக்க வேண்டும் அல்லது நன்றாக மேலே. என் வரைபடத்தில் அது கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருந்தால் எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணாடி அவர் செய்வதில்லை. அதற்கு நாமக்கல்லில் ஒருவரிடம் அனுப்பினார். லாரி கேபினை உள்ளூரிலேயே கட்டுகிற ஊர் அது, அந்தக் கேபின்களுக்குத் தட்டையான லேமினேட் கண்ணாடி வெட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், வளைவில்லாத விண்ட்ஷீல்டு வேண்டுமென்றால் அவர்களைவிடக் கைதேர்ந்தவர்கள் கிடையாது. அண்ணன் 4 மி.மீ. பிளைவுட்டில் டெம்ப்ளேட் வெட்டிக் கொடுத்தார். அகலம் 1,020 மி.மீ., உயரம் 340, மேல் மூலைகள் இரண்டும் 40 மி.மீ. ஆரத்தில் உருட்டியது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதற்காகவே அந்தப் பயணம் தகும். லேமினேட் கண்ணாடியில் ஒரு பக்கம் கோடு போட்டால் போதாது. மேலே ஒரு கோடு, திருப்பிப் போட்டு அதே கோட்டுக்கு நேர் கீழே இன்னொரு கோடு. இரண்டும் ஒரு நூல் விலகினாலும் ஓரம் படிபோல வந்துவிடும். பிறகு மெல்லத் தட்டித் தட்டி ஒவ்வொரு பக்கத்தையும் விரியவைக்கிறார், இரண்டு கண்ணாடியும் உடைந்துவிட்டாலும் நடுவில் படலம் பிடித்துக்கொண்டிருக்கும். கோட்டின் மேல் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தார், நீலமாக ஒரு தீ ஓடி அணைந்தது, அந்தச் சூட்டில் படலம் இளகியதும் துண்டை லேசாக இழுத்து, விலகிய இடுக்கில் மெல்லிய பிளேடை விட்டு அறுத்தார். மூலை வளைவுக்கு மட்டும் அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் தண்ணீர் விட்டுக்கொண்டே பெல்ட்டில் ஓரம் முழுக்கத் தேய்த்து, விரல் வைத்தால் வழுக்குகிற அளவுக்குக் கொண்டுவந்தார். இரண்டரை மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் 0.76 படலம், 2,800 ரூபாய் வாங்கினார். ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. பழைய போர்வையில் சுற்றி, இரண்டு பிளைவுட் நடுவில் கட்டி, நிமிர்த்தித்தான் எடுத்துப் போக வேண்டும், படுக்கப் போடவே கூடாது என்று பஸ் ஸ்டாண்டு வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெம்பர்ட், அதாவது சூட்டில் பதப்படுத்திய கண்ணாடியை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதப்படுத்திய பிறகு அதை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது, தொட்ட மாத்திரத்தில் கற்கண்டு மாதிரி சிதறிவிடும். பக்கக் கண்ணாடிக்கு அது சரி. முன் கண்ணாடியில் ஒரு கல் பட்டு அப்படி ஆனால் ஓட்டுகிறவருக்கு எதிரே ஒன்றுமே இருக்காது. ஓரத்தில் உற்றுப் பார்த்தால் லேமினேட்டில் நடுவில் ஒரு மெல்லிய கோடு தெரியும், டெம்பர்டில் தெரியாது. பழைய ஜீப்பைச் சரிசெய்து ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், முன் கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் வர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கலர் கண்ணாடி ஆசை வேண்டாம்.

திரும்ப கணபதிக்கு. ஃபிரேம், அலுமினியச் சட்டத்தை மில்லிங்கில் காடி எடுத்தது. கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவில் சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி, அதில் யூ ரப்பர். கீழே இரண்டு பக்கமும் தாங்குகிற பிராக்கெட் 5 மி.மீ. அலுமினியத் தகட்டில் லேசர் கட்டிங். பிராக்கெட்டின் துளைகளை வட்டமாகப் போடாமல் நீள்வட்டமாகப் போட்டு, போல்ட்டுக்குக் கீழே ரப்பர் வாஷர் வைத்தார். ஏன் என்று கேட்டேன். வண்டியின் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் சேஸிஸ் கொஞ்சம் முறுக்கும், ஃபிரேமை இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த முறுக்கு முழுக்கக் கண்ணாடிக்குப் போகும். “கண்ணாடி ஃபிரேமுக்குள்ள உட்காரோணும் தம்பி, மாட்டிக்கக் கூடாது” என்றார். முதல் கண்ணாடியை நான் நான்கு மூலையிலும் போல்ட்டை வைத்து முடிந்தவரை இறுக்கியிருந்தேன். அதுதான் நான் முன்னால் சொன்ன தப்பு.

இப்போது வைப்பர். இதில்தான் அந்தப் பட்டறையின் அருமை தெரிந்தது. மோட்டார் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் எடுத்த ஓம்னி வைப்பர் மோட்டார், 600 ரூபாய். மோட்டார் ஒரே திசையில் சுற்றும், அதன் தண்டோடு சுற்றுகிற கிராங்க் என்கிற சின்னக் கை ஒரு ராடைத் தள்ளி இழுக்கும், ராட் பிவட்டில் இருக்கிற கையை ஆட்டும், வைப்பர் இடமும் வலமும் போகும். எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு நீளங்கள்தான். கிராங்க் நீளத்தைப் பிவட் கையின் நீளத்தால் வகுத்தால் வருவது ஏறக்குறைய பாதிக் கோணத்தின் சைன். என் கிராங்க் 38 மி.மீ. அகலமாகத் துடைக்க வேண்டும் என்று பிவட் கையை 45 மி.மீ. என்று நான் வரைந்திருந்தேன். கணக்குப் போட்டால் 115 டிகிரி வருகிறது. அட்டையில் வெட்டிப் பார்த்தபோது ஒரு கோடியில் பிளேடு ஃபிரேமில் போய் இடித்தது, அதோடு அந்தக் கோணத்தில் ராடும் கையும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடுவதால் மோட்டார் திணறும். அண்ணன் கணக்குப் போடவில்லை, அட்டையைப் பார்த்துவிட்டு, “கையக் கொஞ்சம் நீட்டோணும்” என்று சொல்லி, ஒரே கையில் 50, 55, 60 என்று மூன்று துளை போட்டுக் கொடுத்தார். அது 99, 87, 79 டிகிரி. மாட்டிப் பார்த்து நடுத் துளையை வைத்துக்கொண்டோம். இந்த மூன்று துளை யோசனையை யார் வண்டி கட்டினாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பிவட் 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட், கன்மெட்டல் புஷ், மேலே தண்ணீர் இறங்காமல் ஓ ரிங். வைப்பர் ஆர்ம் மாட்டுகிற நுனியைச் சரிவாகக் கடைந்து நர்லிங், அதாவது சின்னச் சின்னப் பற்கள் போட்டார், நட்டை இறுக்கினால் ஆர்மின் தலை அந்தப் பற்களில் கடித்துக்கொள்கிறது, நழுவுவதில்லை. ஆனால் நான் பத்து பேரிடமாவது காட்டிய பாகம் அது இல்லை, பிவட்டுக்கு அடியில் இருக்கிற ஒரு சாய்வு வாஷர். பிவட் ஷாஃப்ட் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். என் ஸ்கட்டில் ஒரு சாய்வு, கண்ணாடி வேறொரு சாய்வு. தகட்டில் நேராகத் துளை போட்டுப் பிவட்டை நிறுத்தினால் ஆர்ம் ஒரு கோடியில் கண்ணாடியை அழுத்தும், மறு கோடியில் விலகி நிற்கும். அதற்காக 14 டிகிரி சாய்வில் இரண்டு அலுமினிய வாஷர், மேலே ஒன்று கீழே ஒன்று, இடது வலதுக்கு ஒவ்வொரு ஜோடி. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத சாமான். ஒரு நாள் முழுக்க அதற்கே போனது, நான்குக்கும் சேர்த்து 800 ரூபாய்தான் வாங்கினார்.

மாட்டி முடித்து ஹோஸில் தண்ணீர் அடித்து ஓட்டிப் பார்த்தால், போகும்போது சுத்தமாகத் துடைக்கிறது, வரும்போது தட தட என்று குதிக்கிறது. ரப்பரின் விளிம்பு திசை மாறும்போது மறுபக்கம் சாய வேண்டும், பிளேடு கண்ணாடிக்கு நேராக நிற்காவிட்டால் ஒரு திசையில் சாயாமல் முட்டிக்கொண்டு நிற்கும். ஆர்மைத் துணி சுற்றிப் பிடித்து ஒரு சின்ன முறுக்குக் கொடுத்தார், சத்தம் நின்றுவிட்டது. அழுத்தத்தையும் பார்த்தார், மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசை ஆர்ம் நுனியில் மாட்டி இழுத்து, 10 அங்குல பிளேடுக்கு 400 கிராம் வருகிறதா என்று. ஒன்று சரியாக இருந்தது, இன்னொன்றில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, மாற்றச் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. போன் எடுக்க மாட்டார், நேரில் போனால்தான் உண்டு. இடது பிராக்கெட்டில் துளை 2 மி.மீ. தள்ளி வந்துவிட்டது. காட்டியதும் மறுபேச்சு இல்லாமல் புதிதாக வெட்டிக் கொடுத்தார், தகட்டுக்குக்கூடக் காசு வாங்கவில்லை, ஆனால் அதில் இன்னும் ஒரு வாரம் போனது. மேல்பூச்சு சுமார்தான், மில்லிங் கோடுகள் அப்படியே தெரியும், பளபளப்பு வேண்டுமென்றால் வேறு இடத்தில் பாலிஷ் போட்டுக்கொள்ள வேண்டும், நான் நானே உப்புத்தாள் போட்டேன். எலக்ட்ரிக்கல் அவர் தொடுவதில்லை. அந்த வேலையை வெளியில் ஒருவரிடம் கொடுத்தேன், அவர் பார்க் ஸ்விட்ச் வயரை விட்டுவிட்டு இணைத்துவிட்டார், அணைத்தால் வைப்பர் கண்ணாடி நடுவிலேயே நின்றது. மோட்டாருக்குள் இருக்கிற அந்த ஸ்விட்சுக்கு எப்போதும் 12 வோல்ட் போய்க்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் நாம் அணைத்த பிறகும் ஓரத்துக்கு வந்து நிற்கும். மோட்டார் வாங்கும்போதே ப்ளக்கோடும் ஒரு ஜாண் வயரோடும் வெட்டி வாங்குங்கள், நிறம் பார்த்து இணைக்க வசதியாக இருக்கும்.

கணபதியில் ஃபிரேம், பிராக்கெட், பிவட், லிங்க், வாஷர் எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் ஆனது. கண்ணாடி, மோட்டார், பழைய ஆர்ம், ரப்பர், குட்டி யானை வாடகை எல்லாம் சேர்த்தால் பதினெட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெளிநாட்டிலிருந்து செவனுக்கான ரெடிமேட் கண்ணாடியை வரவழைக்கலாமா என்றும் முதலில் யோசித்திருந்தேன், அனுப்புகிற செலவு, சுங்கம், வழியில் உடைந்தால் என்ன செய்வது என்றெல்லாம் பார்த்துக் கைவிட்டேன். அது என் ஸ்கட்டிலுக்குப் பொருந்தியிருக்காது என்பது இப்போது நிச்சயமாகத் தெரிகிறது.

போன மாதம் மழை. தோட்டத்துக் கேட்டிலிருந்து கிணற்று மேடு வரை ஏழெட்டுத் தடவை ஓட்டினேன். சக்கரத்திலிருந்து அடிக்கிற செம்மண் சேறு கண்ணாடியில் விழுந்ததும் இரண்டு வீச்சில் போய்விடுகிறது. கிணற்று மேட்டில் ஏறும்போது சேஸிஸ் முறுக்குகிறது, ஃபிரேம் லேசாக அசைகிறது, கண்ணாடி அதன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கணபதி பஸ் ஸ்டாப்பைச் சுற்றி இருக்கிற சந்துகளில் நடந்து பாருங்கள், இந்த ஒரு பட்டறை மட்டும் இல்லை, இப்படிப்பட்டவர்கள் அங்கே இன்னும் பலர் உண்டு. வரைபடத்தை நீட்டினால் உடனே விலை சொல்கிறவரைவிட, வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறவரிடம் கொடுங்கள். காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் பேச நேரம் இருக்காது. ஆயுத பூஜையை ஒட்டிய வாரத்தில் போகாதீர்கள்.